சேகோ ஆலை மண்ணில் அமைலேஸ் தேடும்போது

சேலம், நாமக்கல் பக்கத்துச் சேகோ (ஜவ்வரிசி) ஆலை ஒன்றின் பின்புறம் போய் நின்றால் புளித்த வாடை முகத்தில் அடிக்கும். மரவள்ளிக் கிழங்கைத் தோல் நீக்கி அரைத்து, மாவுப் பாலைத் தொட்டியில் தெளியவிட்டு, மேலே நிற்கும் தண்ணீரை வாய்க்காலில் திறந்துவிடுகிறார்கள். பிழிந்து மிஞ்சிய திப்பி களத்தில் காயும், மழையில் ஊறும், மறுபடி காயும். அந்த மண்ணில் இருக்கும் உயிர்கள் வருடக்கணக்காக மாவைத் தின்றே பிழைத்தவை. மாவை உடைக்கும் நொதியான அமைலேஸைத் தேட இது அருமையான இடம். கல்லூரித் தோட்டத்து மண்ணிலும் அமைலேஸ் சுரக்கும் பாக்டீரியா இருக்கும். ஆனால் அங்கே அது சிதறி ஒளிந்திருக்கும், இங்கே கூட்டமாக உட்கார்ந்திருக்கும்.

எந்தப் பொருள் அழுகுகிறதோ அந்த இடத்துக்குப் போக வேண்டும் என்பது இந்தத் துறையின் பழைய வழக்கம். இரண்டாம் உலகப் போரின்போது சாலமன் தீவுகளில் அமெரிக்கப் படையின் பருத்திக் கூடாரத் துணி மக்கிப்போனது. மக்கவைத்த பூஞ்சையைப் பிரித்தெடுத்தார்கள். பருத்தி நாரை உடைக்கும் நொதியான செல்லுலேஸைத் தயாரிக்க இன்று பயன்படும் டிரைக்கோடெர்மா ரீசியை என்ற பூஞ்சை அதன் வழி வந்ததுதான். பெட் பிளாஸ்டிக்கை உடைக்கும் இடியோனெல்லா சகாயென்சிஸ் என்ற பாக்டீரியா பற்றி 2016இல் உலகுக்குத் தெரிந்தது. அது கிடைத்தது ஜப்பானின் சகாய் நகரில், பெட் பாட்டில்களை மறுசுழற்சி செய்யும் இடத்து மாதிரியில்.

இடத்தைவிட முக்கியமானது ஒன்று உண்டு. மண்ணிடம் என்ன கேட்கிறோமோ அது மட்டுமே கிடைக்கும். 37 டிகிரியில், பி.எச் 7இல், கரையும் ஸ்டார்ச்சை (மாவுச்சத்தை) போட்டுத் தேடினால், 37 டிகிரியில் பி.எச் 7இல் கரையும் ஸ்டார்ச்சை உடைக்கிற உயிர்தான் கைக்கு வரும். அது 90 டிகிரியில் வேலை செய்யவில்லையே என்று பிறகு வருந்திப் பயனில்லை. ஆகவே மண் அள்ளக் கிளம்பும் முன்பே நொதி யாருக்கு என்று முடிவு செய்துவிடுங்கள். மாவைத் திரவமாக்கி குளுக்கோஸ் சிரப் செய்பவருக்கு 95 முதல் 105 டிகிரி வரை தாங்கும் அமைலேஸ் வேண்டும், பி.எச் 6க்குப் பக்கத்தில். துணியில் போட்ட கஞ்சியை எடுப்பவருக்கு 60, 70 டிகிரி போதும், பி.எச் நடுநிலையில் இருந்தால் சரி. சலவைத்தூள் செய்பவருக்கு பி.எச் 10ஐயும் சோப்பையும் தாங்க வேண்டும். ரொட்டி சுடுபவருக்கோ நேர் எதிர்: அடுப்பில் சூடு ஏறும்போது நொதி செத்துவிட வேண்டும், இல்லையென்றால் ரொட்டி பிசுபிசுக்கும். நான்கும் அமைலேஸ்தான். ஆனால் நான்குக்கும் ஒரே தேடல் உதவாது. இந்தக் கட்டுரை துணிக் கஞ்சியை மனதில் வைத்துப் போகிறது.

மண் எடுப்பது

மேல் சருகையும் காய்ந்த திப்பிப் பொருக்கையும் ஒதுக்கிவிட்டு, 5 முதல் 10 செ.மீ. ஆழத்தில் எடுங்கள். கரண்டியை 70% ஆல்கஹாலில் துடைத்து, இடத்துக்கு இடம் மறுபடி துடைக்க வேண்டும். வாய்க்கால் கரை, திப்பி குவியும் இடம், களத்தின் ஓரம், தொட்டிக் கசிவு விழும் இடம், ஆலைக்கு வெளியே நூறடி தள்ளி ஒரு சாதாரண இடம் என்று ஐந்து இடத்தில் தலா 50 கிராம் போதும். ஐந்தையும் ஒன்றாகக் கலக்காதீர்கள். எது எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால்தான், நல்ல காலனி (ஒரே செல்லிலிருந்து பெருகிய பாக்டீரியாத் திட்டு) கிடைத்த இடத்துக்கே திரும்பிப் போக முடியும். வெளியே எடுத்த சாதாரண மண்தான் ஒப்பீடு.

பையின் மேல் பென்சிலால் எழுதிய சீட்டு ஒட்டுங்கள். மார்க்கர் எழுத்து ஆல்கஹால் பட்டால் அழியும். தேதி, இடம், ஆழம், மண்ணின் வெப்பம் இந்த நான்கும் இருக்க வேண்டும். ஐஸ் பெட்டியில் கொண்டுவந்து 4 டிகிரியில் வைத்து, 24 மணி நேரத்துக்குள் வேலையை ஆரம்பித்துவிடுவது நல்லது. மூடிய பையில் ஈர மண்ணை ஒரு வாரம் வைத்தால், ஆக்சிஜன் இல்லாமல் உள்ளே வேறு கூட்டம் வளர்ந்துவிடும்.

அன்றே பி.எச் பாருங்கள். 10 கிராம் மண்ணுக்கு 25 மி.லி. காய்ச்சி வடித்த நீர், நன்றாகக் கலக்கி அரை மணி நேரம் வைத்து அளக்க வேண்டும். சேகோக் கழிவுநீர் புளித்தது, அமிலத்தன்மை உள்ளது. அது பாயும் இடத்து மண்ணும் அப்படியே இருக்கலாம். இதைப் பார்க்காமல் பி.எச் 7இல் மட்டும் பிளேட் (பாக்டீரியா வளர ஊடகத்தை உறையவைத்த தட்டு) போடுகிறவர்கள், அங்கே பழகிய உயிர்களில் ஒரு பகுதியை முதல் நாளே இழக்கிறார்கள். பி.எச் 5.5இல் ஒரு வரிசை, 7இல் ஒரு வரிசை போடுங்கள். அமில ஊடகத்தை ஆட்டோகிளேவ் செய்தால் (அழுத்த நீராவியில் கிருமி நீக்கினால்), அதை உறையவைக்கும் அகார் உடைந்து சரியாக உறையாமல் போகலாம். நடுநிலையில் ஆட்டோகிளேவ் செய்து, 50 டிகிரிக்கு ஆறிய பிறகு, தனியாகச் சுத்திகரித்த அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு பி.எச்சை இறக்க வேண்டும். எத்தனை சொட்டு என்பதை முன்பே ஒரு 100 மி.லி. ஊடகத்தில் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

சூடு காட்டுவதும் நீர்ப்பதும்

10 கிராம் மண்ணை 90 மி.லி. 0.85% உப்பு நீரில் போட்டு, ஷேக்கரில் 15 நிமிடம் ஆட்டுங்கள். மண் துகளோடு ஒட்டியிருப்பவை பிரிய இந்த நேரம் தேவை. கையால் நாலு குலுக்குக் குலுக்கிவிட்டு நீர்ப்பவர்களுக்கு எண்ணிக்கை குறைவாகத்தான் வரும்.

இதில் பாதியை அப்படியே வைத்துக்கொண்டு, மீதியில் 5 மி.லி. எடுத்து 80 டிகிரி தண்ணீர்க் குளியலில் 10 நிமிடம் வையுங்கள். சாதாரண செல்கள் செத்துப்போகும், ஸ்போர் (சூட்டைத் தாங்கும் உறங்கு வித்து) உருவாக்கும் பேசில்லஸ் வகைகள் பிழைக்கும். தொழிலில் பயன்படும் பாக்டீரிய அமைலேஸ்களில் பெரும்பங்கு பேசில்லஸ் லைக்கெனிஃபார்மிஸ், பேசில்லஸ் அமைலோலிக்விஃபேசியன்ஸ் போன்றவற்றிலிருந்தே வருவதால் இந்த வடிகட்டல் வீண்போகாது. இங்கே நடக்கும் தவறு சின்னது, ஆனால் எங்கும் நடப்பது: குளியலின் மீட்டர் 80 காட்டுகிறது என்று நேரத்தை எண்ண ஆரம்பிப்பது. குழாய்க்குள் இருக்கும் திரவம் அப்போது அந்தச் சூட்டை எட்டியிருக்காது. அதே அளவு தண்ணீர் ஊற்றிய இன்னொரு குழாயில் தெர்மாமீட்டரைச் செருகி, அது 80ஐத் தொட்டதும் கடிகாரத்தைப் பாருங்கள். குளியலின் தண்ணீர் மட்டம் குழாய்க்குள் இருக்கும் திரவத்தைவிட மேலே இருக்க வேண்டும்.

பிறகு 1 மி.லி.க்கு 9 மி.லி. என்ற கணக்கில் 10⁻⁶ வரை நீர்த்து, 10⁻³ முதல் ஒவ்வொன்றிலும் 0.1 மி.லி. எடுத்துப் பரப்புங்கள். ஒவ்வொரு படிக்கும் புது பைப்பெட் முனை. ஒரே முனையைக் கடைசிவரை இழுத்தால் 10⁻⁶ பிளேட்டில் காலனிகள் கூட்டமாக நிற்கும், கணக்கு ஒத்துவராது. 10⁻⁴ பிளேட்டில் 62 காலனி வந்தால், 0.1 மி.லி. போட்டதற்கு 10ஆல் பெருக்கி, கிராமுக்கு 6.2 × 10⁶ என்று எழுத வேண்டும். அந்த 10ஐ விட்டுவிடுகிறவர்கள் நிறையப் பேர்.

ஊடகம் ஒரு லிட்டருக்கு: ஸ்டார்ச் 10 கிராம், பெப்டோன் 5, ஈஸ்ட் எக்ஸ்ட்ராக்ட் 2, டைபொட்டாசியம் ஹைட்ரஜன் பாஸ்பேட் 1, மெக்னீசியம் சல்பேட் 0.2, அகார் 18. ஸ்டார்ச்சைக் கொதிநீரில் நேரே கொட்டாதீர்கள், கட்டிதட்டிவிடும். வீட்டில் கஞ்சி காய்ச்சுவதுபோல முதலில் பச்சைத் தண்ணீரில் கரைத்து, பிறகு கொதிக்கும் ஊடகத்தில் கிளறிக்கொண்டே ஊற்ற வேண்டும். கடைச் சரக்கான கரையும் ஸ்டார்ச் ஒரு வரிசைக்கு, அதே ஆலையில் வாங்கிய மரவள்ளி மாவு ஒரு வரிசைக்கு. இரண்டும் ஒன்றல்ல. கரையும் ஸ்டார்ச் ஏற்கெனவே அமிலத்தில் பாதி உடைந்தது. அதில் பெரிய வளையம் காட்டும் உயிர் அசல் மாவில் மந்தமாக இருக்கலாம்.

50 அல்லது 55 டிகிரியில் வளர்ப்பதானால் அகாரை 20 கிராம் ஆக்கி, பிளேட்டுக்கு 25 மி.லி. ஊற்றி, பிளாஸ்டிக் பைக்குள் வைத்து இன்குபேட்டரில் ஒரு பீக்கர் தண்ணீரும் வையுங்கள். இல்லையென்றால் மறுநாள் காலை பிளேட் அப்பளமாகக் காய்ந்திருக்கும். 37 டிகிரி பிளேட்டுகளுக்கு நேர் எதிர்த் தொல்லை: மூடியில் கோத்த நீர் சொட்டினால் பேசில்லஸ் பிளேட் முழுக்கப் படர்ந்து எதையும் பிரிக்க முடியாமல் செய்துவிடும். பரப்புவதற்கு முன் பிளேட்டைத் திறந்து, தலைகீழாக, சுத்தமான காற்றறையில் அரை மணி நேரம் உலர்த்துங்கள். பூஞ்சை தொல்லை கொடுத்தால் மி.லி.க்கு 50 மைக்ரோகிராம் நிஸ்டாட்டின் சேர்க்கலாம்.

வளையம்

அயோடினை ஊற்றுவதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. அயோடின் பட்ட காலனி செத்துப்போகும், அல்லது அரைகுறையாகப் பிழைக்கும். அதனால் ஒவ்வொரு காலனியையும் சுத்திகரித்த டூத்பிக்கால் தொட்டு, கட்டம் போட்ட இரண்டு பிளேட்டுகளில் ஒரே எண்ணில் வையுங்கள்: முதலில் சாதாரண நியூட்ரியன்ட் அகார், அடுத்து ஸ்டார்ச் அகார். ஒரு பிளேட்டில் 36 கட்டம் வசதியாக இருக்கும். அயோடின் இரண்டாவதுக்கு மட்டும்.

கட்டங்களில் காலனி வளர்ந்ததும், அயோடின் ஊற்றும் முன் ஸ்டார்ச் பிளேட்டைக் கால் மணி நேரம் ஃபிரிட்ஜில் வையுங்கள். 'கிராம் அயோடின்' என்ற பெயருள்ள கரைசலை, அதாவது 1 கிராம் அயோடின், 2 கிராம் பொட்டாசியம் அயோடைடு, 300 மி.லி. நீர், 5 மி.லி. ஊற்றி அரை நிமிடம் சுழற்றிவிட்டுக் கொட்டிவிடுங்கள். இப்போது பிளேட்டை வெள்ளைத் தாளின் மேல் வைத்துக் குனிந்து பாருங்கள். சுற்றிலும் கருநீலம். சில காலனிகளைச் சுற்றித் தெளிந்த மஞ்சள் வட்டம், விளிம்பு கத்தியால் வெட்டியதுபோல இருக்கும். வேறு சிலவற்றில் உள்ளே தெளிவு, வெளியே செம்பழுப்பாக ஒரு வளையம், அதற்கு அப்பால் நீலம். அந்தச் செம்பழுப்பு, மாவு முழுக்க உடையாமல் டெக்ஸ்ட்ரினாக (அரைகுறையாக உடைந்த துண்டுகளாக) நிற்கும் இடம். சிலவற்றில் காலனிக்கு நேர் அடியில் மட்டும் வெளுப்பு. அங்கே நொதி வெளியே அதிகம் பரவவில்லை. இதையெல்லாம் ஐந்து நிமிடத்துக்குள் பார்த்துக் குறித்துவிட வேண்டும். அறை சூட்டில் நீலம் வெளிறிக்கொண்டே போகும். பத்தாவது நிமிடத்தில் எடுத்த படத்தில் வளையங்கள் எல்லாம் பெரிதாகத் தெரிவதற்குக் காரணம் அதுதான்.

உயிரோடு பார்க்க இன்னொரு வழியும் உண்டு. ஸ்டார்ச் பிளேட்டை ஓர் இரவு 4 டிகிரியில் வைத்தால் உடையாத ஸ்டார்ச் தானாகவே மங்கலாகத் திரளும், உடைந்த இடம் கண்ணாடியாகத் தெரியும். அயோடின் தேவையில்லை, காலனியும் சாகாது.

வளையத்தின் விட்டத்தைக் காலனியின் விட்டத்தால் வகுத்து, 3.2, 4.1 என்று அட்டவணை போட்டு, பெரிய எண்ணைத் தேர்ந்தெடுப்பதுதான் வழக்கம். முதல் சலிப்புக்கு இது சரி. ஆனால் இந்த எண்ணை வைத்து 'இதுதான் சிறந்தது' என்று அறிக்கை எழுதுவது சரியல்ல. வளையத்தின் அளவு நொதி எவ்வளவு சுரந்தது என்பதை மட்டும் காட்டுவதில்லை. நொதியின் உருவம் சின்னதாக இருந்தால் அகாரில் வேகமாகப் பரவும். அகார் மெல்லியதாக இருந்தாலும், டூத்பிக் முனையில் அதிகம் ஒட்டியிருந்தாலும், ஒரு நாள் கூட விட்டாலும் வளையம் பெருகும். பரவாமல் ஒட்டி நிற்கும், ஆனால் அபாரமாக வேலை செய்யும் நொதி பிளேட்டில் தோற்றுப்போகும். இரண்டாம் கட்டத்தில் எல்லா வளர்ப்புகளையும் ஒரே ஓ.டி.க்கு (செல் அடர்த்தியைக் காட்டும் கலங்கல் அளவுக்கு) கொண்டுவந்து, 20 மி.லி. ஊற்றிய ஒரே தடிமன் பிளேட்டில் 5 மைக்ரோலிட்டர் சொட்டாக வைத்து, 24 மணியில் அளந்தால் ஒப்பீடு ஓரளவு நியாயமாக இருக்கும்.

ஒரே மண்ணில் எடுத்த 40 காலனியில் 25 ஒரே உயிரின் நகலாக இருக்க வாய்ப்பு உண்டு. காலனியின் நிறம், விளிம்பு, கிராம் சாயம், ஸ்போர் இருக்கும் இடம் ஆகியவற்றைப் பார்த்து ஒரே மாதிரி இருப்பவற்றில் இரண்டை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றைத் தள்ளுங்கள். தேர்ந்தவற்றை மூன்று முறை ஸ்ட்ரீக் செய்ய (தனிக் காலனிகள் பிரியும்படி பிளேட்டில் கோடாக இழுக்க) வேண்டும், அதுவும் ஸ்டார்ச் இல்லாத சாதாரண ஊடகத்தில். ஸ்டார்ச் பிளேட்டிலேயே திரும்பத் திரும்பச் செய்தால், பக்கத்து உயிர் உடைத்துத் தரும் சர்க்கரையில் பிழைக்கும் ஒட்டுண்ணி கடைசிவரை கூடவே வரும்.

சுத்தமானது என்று தெரிந்த அன்றே 20% கிளிசராலில் பதினைந்து, இருபது குப்பி போட்டு மைனஸ் 80இல் வைத்துவிடுங்கள். வாரா வாரம் ஸ்லாண்டிலிருந்து ஸ்லாண்டுக்கு (அகார் சாய்வாக உறைந்த குழாய்) மாற்றிக்கொண்டே இருந்தால் நாளடைவில் வளையம் சுருங்கலாம். ஆய்வகத்தின் சொகுசான ஊடகத்தில் நொதியைச் சுரக்காத மாறுபாடுகளே வேகமாக வளரும் என்பதால் இது நடக்கிறது.

குடுவையில்

250 மி.லி. கூம்புக் குடுவையில் 50 மி.லி. ஊடகம், அதற்கு மேல் வேண்டாம். 150 மி.லி. ஊற்றினால் ஷேக்கர் எவ்வளவு ஆட்டினாலும் காற்று போதாது. 18 மணி நேர வளர்ப்பை ஓ.டி. 1.0க்குக் கொண்டுவந்து 1 மி.லி. சேருங்கள், அதாவது 2%. நிமிடத்துக்கு 160 சுற்று. 12 மணி நேரத்துக்கு ஒரு முறை, 72 மணி நேரம் வரை, 2 மி.லி. எடுத்து, 10,000 ஜி (புவியீர்ப்பைப் போல 10,000 மடங்கு) விசையில் 10 நிமிடம் சென்ட்ரிஃபியூஜில் சுழற்றி மேல் நீரை மட்டும் எடுங்கள். குறிப்பேட்டில் 10,000 ஆர்.பி.எம். என்று எழுதினால் போதாது, ரோட்டர் மாறினால் விசை மாறிவிடும்.

ஊடகத்தில் குளுக்கோஸ் போடாதீர்கள். செல் நன்றாக வளரும், அமைலேஸ் வராது. எளிய சர்க்கரை கையில் இருக்கும்போது மாவை உடைக்கும் வேலையைப் பேசில்லஸ் நிறுத்தி வைக்கும். நொதி பெரும்பாலும் வளர்ச்சியின் கடைசியில்தான் கொட்டும், 24 முதல் 48 மணிக்குள் உச்சம் போகும். 60 மணியில் சரிந்தால் பயப்பட வேண்டாம். அதே பாக்டீரியா சுரக்கும் புரோட்டியேஸ், அதாவது புரதத்தை உடைக்கும் நொதி, அமைலேஸைத் தின்கிறது. அறுவடை நேரத்தை முன்னே தள்ளுவதுதான் பரிகாரம்.

அளவிடுவதற்கு, வெளியான சர்க்கரையை நிறத்தால் காட்டும் டி.என்.எஸ். முறை. 50 மில்லிமோலார் டிரிஸ் தாங்கலில் (பி.எச்சை நிலையாக வைக்கும் பஃபர் கரைசல்), பி.எச் 7, கரைத்த 1% ஸ்டார்ச் 0.5 மி.லி., நொதி 0.5 மி.லி., 60 டிகிரியில் 10 நிமிடம். 1 மி.லி. டி.என்.எஸ். ஊற்றி நிறுத்தி, கொதிநீரில் 5 நிமிடம் வைத்து, ஆறவிட்டு, 8 மி.லி. நீர் சேர்த்து 540 நானோமீட்டரில் பாருங்கள். பிளாங்க் (ஒப்பிட்டுக் கழிப்பதற்கான) குழாயில் டி.என்.எஸ். முதலில், நொதி அப்புறம். வெறும் தண்ணீரைப் பிளாங்க் ஆக்குவதுதான் மாணவர் அறிக்கைகளில் எண்கள் வானத்துக்குப் போவதற்கு முதல் காரணம். வளர்ப்பு நீரில் ஏற்கெனவே சர்க்கரை மிதக்கிறது, அதையும் டி.என்.எஸ். சிவப்பாகக் காட்டும். பிளாங்க்கே 0.5க்கு மேல் வந்தால் நொதி நீரை ஓர் இரவு டயாலிசிஸ் செய்து (சவ்வுப் பையில் வைத்துச் சர்க்கரையை வெளியேற்றி) அளங்கள்.

ஒரு கணக்கு. நிலையான வரைகோட்டின்படி 0.9 மி.கி. குளுக்கோஸ் அளவுக்குச் சர்க்கரை வெளியானது. 900 மைக்ரோகிராமை குளுக்கோஸின் மூலக்கூறு எடையான 180ஆல் வகுத்தால் 5 மைக்ரோமோல். 10 நிமிடத்துக்கு 5 என்றால் நிமிடத்துக்கு 0.5. அது 0.5 மி.லி. நொதிக்கு, ஆகவே மி.லி.க்கு 1 யூனிட் (நிமிடத்துக்கு 1 மைக்ரோமோல் என்பதே இங்கே ஒரு யூனிட்). நொதியை 20 மடங்கு நீர்த்திருந்தால் 20 யூனிட். இந்த எண்ணை நம்புவதற்கு முன் அதே நீர்ப்பை 5, 10, 15 நிமிடம் என்று மூன்று குழாயில் ஓட்டுங்கள். 5இல் வந்ததன் மூன்று மடங்கு 15இல் வரவில்லையென்றால் நொதி அதிகம், ஸ்டார்ச் தீர்ந்துகொண்டிருக்கிறது; இன்னும் நீர்க்க வேண்டும்.

டிரிஸ் தாங்கலைச் சொன்னதற்குக் காரணம் கால்சியம். ஆல்ஃபா அமைலேஸின் கட்டுமானத்தைப் பிடித்து நிறுத்துவது கால்சியம் அயனி. அதைப் பாஸ்பேட் தாங்கல் வெள்ளைப் படிவாக இழுத்துப் போட்டுவிடும், இ.டி.டி.ஏ. பிடுங்கிக்கொள்ளும். பாஸ்பேட்டில் 60 டிகிரியில் 'நொதி தாங்கவில்லை' என்று ஒதுக்கப்பட்ட ஒரு வளர்ப்பை, டிரிஸில் 5 மில்லிமோலார் கால்சியம் குளோரைடு சேர்த்து மறுபடி பாருங்கள். சில நேரம் அதுதான் பட்டியலின் முதலிடத்துக்கு வரும்.

'உச்ச வெப்பம் 70 டிகிரி' என்ற வரியும் ஏமாற்றக்கூடியது. 10 நிமிடச் சோதனையில் 70இல் அதிகம் உடைத்தது என்றுதான் அதற்குப் பொருள். 40 நிமிடம் உயிரோடு இருக்குமா என்பது வேறு கேள்வி. ஸ்டார்ச் இல்லாமல் நொதியை மட்டும் 70 டிகிரியில் வைத்து, 0, 15, 30, 60 நிமிடத்தில் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து ஐஸில் போட்டு, பிறகு எல்லாவற்றையும் 50 டிகிரியில் ஒன்றாக அளங்கள். பாதியாகக் குறைய எத்தனை நிமிடம் ஆகிறது என்பதைத்தான் ஆலைக்காரர் கேட்பார்.

புரோட்டியேஸ் தேடுபவருக்கு

தோல் பதனிடும் வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டைப் பகுதிகளில் இதே முறையைப் புரோட்டியேஸுக்குச் செய்யலாம். சில இடங்கள் மாறும். 1% பால்பவுடர் அகாரில் பால்பவுடரைத் தனியாக, 115 டிகிரியில் 10 நிமிடம் மட்டும் வேகவைத்துச் சேர்க்க வேண்டும். மற்றவற்றோடு 121இல் போட்டால் பழுப்பாகித் திரிந்துவிடும். பி.எச் 10 வேண்டுமென்றால் 10% சோடியம் கார்பனேட்டைத் தனியாக ஆட்டோகிளேவ் செய்து பத்தில் ஒரு பங்கு கடைசியில் ஊற்றுங்கள். பாலில் தெரியும் தெளிவு அமிலத்தாலும் வரலாம். 10% டிரைகுளோரோஅசெட்டிக் அமிலத்தை ஊற்றினால் உடையாத கேசீன் (பால் புரதம்) வெள்ளையாகத் திரளும், உண்மையாக உடைந்த இடம் மட்டும் தெளிவாகவே நிற்கும்.

யூனிட் விஷயத்தில் கவனம். சிலர் நிமிடத்துக்கு 1 மைக்ரோகிராம் டைரோசினை ஒரு யூனிட் என்கிறார்கள், சிலர் 1 மைக்ரோமோலை. டைரோசினின் மூலக்கூறு எடை 181. ஒருவரின் 181 யூனிட் இன்னொருவரின் 1 யூனிட். இரண்டு கட்டுரைகளின் எண்களை அப்படியே பக்கத்தில் வைத்து 'எங்களுடையது அதிகம்' என்று எழுதுவது பெரிய பிழை.

தோலுக்கு முடி கழற்றும் நொதியானால் கேசீனை உடைத்தால் மட்டும் போதாது, கொலாஜனைத் தொடக் கூடாது. தோல் என்பதே கொலாஜன். பால் பிளேட்டில் முதலிடம் பிடித்தது ஒரு துண்டு ஆட்டுத்தோலில் மேல்பரப்பையே அரித்துவிட்டால் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது? உப்பு போட்ட ஆட்டுத்தோலில் கைப்பிடி அளவு துண்டை எடுத்து, உப்பு போகக் கழுவி, நொதியைப் பூசி ஓர் இரவு வைத்துப் பார்ப்பதைத் தள்ளிப்போடாதீர்கள்.

பாதுகாப்பும் பெயரும்

பால் பிளேட்டில் மிகப் பெரிய வளையம் போடுபவற்றில் இரண்டு பேரை ஜாக்கிரதையாகப் பாருங்கள். ஒன்று பேசில்லஸ் சீரியஸ், உணவு நஞ்சாக்குவது. முட்டை மஞ்சள் கரு அகாரில் வெள்ளை மங்கல் வளையமும், ரத்த அகாரில் தெளிந்த வளையமும் காட்டும். மற்றது சூடோமோனாஸ் ஏருஜினோசா. பச்சை நிறம் கசியும், 42 டிகிரியிலும் வளரும், பலவீனமான உடம்பில் நோய் உண்டாக்கும். எவ்வளவு நொதி சுரந்தாலும் இரண்டும் தொழிலுக்கு ஆகாது. ஆறு மாதம் உழைத்த பிறகு அடையாளம் காண்பதைவிட இரண்டாம் வாரத்திலேயே இந்தச் சோதனைகளை முடித்துவிடுவது நல்லது.

பாக்டீரியாவை அடையாளம் காண உதவும் 16எஸ் ஆர்.ஆர்.என்.ஏ. மரபணுவை 27எஃப், 1492ஆர் பிரைமர்களால் (பெருக்கத்தைத் தொடங்கிவைக்கும் சிறு டி.என்.ஏ. துண்டுகள்) பெருக்கினால் சுமார் 1,500 டி.என்.ஏ. எழுத்து நீளமுள்ள துண்டு கிடைக்கும். 98.7%க்குக் கீழே ஒற்றுமை என்றால் புது இனமாக இருக்கலாம். ஆனால் 99.8% என்று வந்தாலும் பெயரை அடித்துச் சொல்லாதீர்கள். சப்டிலிஸ் கூட்டத்துக்குள்ளும் சீரியஸ் கூட்டத்துக்குள்ளும் 16எஸ் வேறுபாடு காட்டாது, ஜைரேஸ் மரபணுவும் பார்க்க வேண்டும். காப்புரிமை எண்ணம் இருந்தால் சண்டிகரில் உள்ள எம்.டி.சி.சி. சேமிப்பகத்தில் வளர்ப்பை ஒப்படைத்து எண் வாங்குங்கள். உயிரியல் பன்மைச் சட்டம் 2002இன் கீழ், சென்னையில் உள்ள தேசியப் பல்லுயிர் ஆணையத்திடம் செய்ய வேண்டியதையும் அப்போதே ஆரம்பியுங்கள்.

துணியில்

ஈரோட்டுப் பக்கம் தறியிலிருந்து இறங்கிய, சலவை காணாத காடாத் துணி ஒரு மீட்டர் வாங்கிக்கொள்ளுங்கள். பாவு நூலுக்கு என்ன கஞ்சி போட்டார்கள் என்று தறிக்காரரிடமே கேளுங்கள். மாவோடு பாலிவினைல் ஆல்கஹால் கலந்திருந்தால் அமைலேஸ் அதைத் தொடாது, ஆனால் அயோடினில் அதுவும் நிறம் காட்டக்கூடும். நொதி தோற்றதாகத் தவறாக முடிவு செய்வீர்கள்.

5 செ.மீ. சதுரமாகப் பன்னிரண்டு துண்டு வெட்டி, 105 டிகிரியில் உலர்த்தி எடை போடுங்கள். துணி எடையைப் போல 20 மடங்கு நீர், பி.எச் 6.5, 65 டிகிரி, 45 நிமிடம். மூன்று துண்டு உங்கள் நொதியில், மூன்று கொதிக்கவைத்துக் கொன்ற நொதியில், மூன்று வெறும் தாங்கலில், மூன்று கடையில் வாங்கிய அமைலேஸில். பிறகு எல்லாவற்றையும் வெந்நீரில் இரு முறை அலசி உலர்த்தி மறுபடி எடை பாருங்கள். வெறும் வெந்நீரிலேயே கொஞ்சம் கஞ்சி இறங்கும், அதைக் கழித்துத்தான் உங்கள் நொதியின் பங்கைச் சொல்ல முடியும். கடைசியாக ஒவ்வொரு துண்டின் நடுவிலும் ஒரு சொட்டு அயோடின். கொன்ற நொதியில் இருந்த துண்டு மை கொட்டியதுபோலக் கருநீலமாகும். கஞ்சி முழுக்கப் போன துண்டில் அயோடினின் மஞ்சள்தான் நிற்கும். இடையில் வரும் ஊதா நிறங்களை, ஜவுளி ஆய்வகங்களில் வைத்திருக்கும் 1 முதல் 9 வரையிலான டெகேவா ஊதா அட்டையோடு ஒப்பிட்டு எண் கொடுங்கள். 1 கஞ்சி அப்படியே இருக்கிறது, 9 முழுக்கப் போய்விட்டது. துணியின் ஓரத்தில் 8ம் நடுவில் 5ம் வந்தால் குறை நொதியில் இருக்காது. துண்டு மடிந்து கிடந்திருக்கும். பெரிய பீக்கரில், அகலமாக விரித்து, ஆட்டிக்கொண்டே மறுபடி செய்யுங்கள்.